கட்டை வைத்து அடைத்த துப்பாக்கி

மாகஸின் என்ற சொல்லுக்கு வேலூர் லாங் பஜாரில் இரண்டு அர்த்தம் உண்டு. பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்குகிற பத்திரிகையும் மாகஸின். துப்பாக்கியின் அடிவயிற்றில் மாட்டுகிற தோட்டாப் பெட்டியும் மாகஸின். பக்கத்திலேயே நிற்கும் கோட்டையின் கதை தெரிந்தவர்களுக்கு மூன்றாவது அர்த்தமும் தெரியும்: வெடிமருந்துக் கிடங்கு. இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது நடுவில் உள்ளதைப் பற்றி.

“இது வேட்டைக்காரர் விவகாரம், பணக்காரர் பொழுதுபோக்கு, டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்குகிறவருக்கும், கரும்புக் கொல்லையில் கட்டு சுமக்கிறவருக்கும் இதில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பது பாதி விஷயம். அது ஒரே மூச்சில் எத்தனை தோட்டா கக்கும், எந்தத் தோட்டாவை விழுங்கும், எந்தப் பெட்டியை ஏற்கும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது மீதிப் பாதி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டில் அதைத் தீர்மானித்தவர்கள் உழைப்பாளி மக்களைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. கணக்கு மட்டும் நம் நெஞ்சின் மீது எழுதப்பட்டது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். மாகஸின் ஒன்றும் பெரிய மர்மம் அல்ல. தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு கூடு. அதன் அடியில் ஒரு வில். வில்லின் தலையில் ஒரு தட்டு. தோட்டா துள்ளி வெளியே விழாமல் பிடிப்பதற்கு வாயில் இரண்டு உதடுகள். மேல் தோட்டா துப்பாக்கிக்குள் போனதும் வில் அடுத்ததை மேலே தள்ளுகிறது. அவ்வளவே. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற எந்தத் தோழர் கையில் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கோத்துவிடுவார்.

ஆனால் ஒரு துப்பாக்கியின் மாகஸின் இன்னொரு துப்பாக்கியில் சேருமா? சைஸ் எட்டு என்று இரண்டு கட்டையிலும் எழுதியிருக்கும். ஒரு கம்பெனிக் கட்டையில் இழுத்த அப்பர் இன்னொரு கம்பெனி சோலில் உட்காராது. இது நம் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துப்பாக்கியும் அப்படித்தான். 1962 சீன யுத்தத்திற்குப் பின் இஷாப்பூர் பாக்டரி இரண்டு விதமான 7.62 மி.மீ. துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. ஒன்று எஸ்.எல்.ஆர்.; அதன் மாகஸினில் 20 தோட்டா. மற்றொன்று பழைய 303 துப்பாக்கியின் சாயலில் செய்த 2ஏ1. அதன் மாகஸினில் 12 தோட்டா. தோட்டா ஒன்றுதான், பெட்டி வேறு, பூட்டும் வேறு. எஸ்.எல்.ஆரின் மூலமான பெல்ஜியம் துப்பாக்கியிலேயே மெட்ரிக் அளவில் ஒரு ஜாதி, இங்கிலீஷ்காரனின் அங்குல அளவில் ஒரு ஜாதி. மெட்ரிக் பெட்டி அங்குலத் துப்பாக்கியில் ஒருவாறு மாட்டிக்கொள்ளும். அங்குலப் பெட்டி மெட்ரிக் துப்பாக்கியில் மாட்டாது. ருஷ்ய கலாஷ்னிகோவின் கதை நேர்மாறானது. அதன் சாதாரணப் பெட்டியில் 30. அதே குடும்பத்து இலேசு மெஷின்கன்னுக்குச் செய்த 40 தோட்டாப் பெட்டியும் 75 தோட்டா டிரம்மும் அதே துப்பாக்கியில் மாட்டிக்கொள்ளும். நம் நாட்டில் உருவான இன்ஸாஸ் துப்பாக்கிக்கு 20 தோட்டாவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி. 1999-ல் கார்கில் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டது. எஜமானர்கள் டில்லியில் கோப்புப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மலை மேல் நின்றவன் விவசாயி வீட்டுப் பிள்ளை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற கிராமங்கள் நம் வேலூர்ச் சீமையில் இருக்கின்றன; லீவில் வருகிறவர்களைக் கேட்டால் இந்தப் பெட்டியின் குணம் குற்றம் எல்லாம் சொல்வார்கள்.

பெட்டியில் பத்தா, முப்பதா என்பது வெறும் சௌகரியக் கணக்கு அல்ல. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசில் ஜாலியன்வாலாபாக்கில் டயர் நிறுத்திய துப்பாக்கிக்காரர்கள் 50 பேர். சுமார் பத்து நிமிஷத்தில் சுட்ட ரவுண்டுகள் 1650. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 33. அவர்கள் கையில் இருந்த 303 துப்பாக்கியின் மாகஸினில் பத்துத் தோட்டா; ஐந்து ஐந்தாகக் கிளிப்பில் கோத்த தோட்டாவை மேலிருந்து ஒரே அழுத்தில் திணிக்கலாம். ஆக ஒவ்வொருவனும் மூன்று முறை பெட்டியைக் காலி செய்து நாலாவது முறையும் நிரப்பத் தொடங்கியிருக்கிறான். சர்க்கார் ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 379. குழாய் வாயில் மருந்து கொட்டி, குண்டு போட்டு, குச்சியால் இடித்துச் சுடும் பழைய மஸ்கட்டாக இருந்திருந்தால், ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரேற நேரம் கிடைத்திருக்கும். சந்து குறுகலாக இல்லாமல் இருந்தால் வண்டியோடு மெஷின்கன்னையும் உள்ளே கொண்டு போயிருப்பேன் என்று ஹண்டர் கமிட்டி முன் கூசாமல் சொன்னவன் அந்த டயர்!

இன்னொரு கணக்கும் சொல்கிறோம். 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவில் டூசான் நகரில், ஒரு பெண் எம்.பி. ஜனங்களைச் சந்தித்துக்கொண்டிருந்த கடைவாசலில், கைத்துப்பாக்கியில் 33 தோட்டாப் பெட்டி மாட்டிக்கொண்டு வந்தான் ஒருவன். ஒன்பது வயதுச் சிறுமி உட்பட 6 பேர் மாண்டார்கள். பெட்டி தீர்ந்து அடுத்ததை மாட்டப் போனபோதுதான் கூட்டத்தில் இருந்தவர்கள் அவனைக் கீழே தள்ளி அமுக்கினார்கள். ஒரு பெண்மணி புதுப் பெட்டியை அவனிடமிருந்து பிடுங்கினார். அந்த முதல் பெட்டியில் பத்துத் தோட்டாதான் இருந்திருந்தால்? ஜனங்கள் பாய்வதற்குக் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் மாகஸின் எண்ணிக்கை பற்றிய வழக்கு முழுவதும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். 1805 நவம்பரில் மதராஸ் படைத் தலைமை புதுத் தலைப்பாகை கொடுத்தது. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்றது. இன்று உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்பும் ஊரில் ஒரு துண்டுத் தோல் பட்டாளத்தையே கொதிக்க வைத்தது விசித்திரம்தான். கொதிப்பு தோலால் மட்டும் வந்ததல்ல என்பதும் நமக்குத் தெரியும். கோட்டைக்குள் இருந்த வெள்ளைப் பட்டாளம் 69-வது ரெஜிமெண்ட். எஞ்சியவர்கள் மதில் மேல் ஏறி நின்றார்கள். அவர்களுடைய தோட்டா தீர்ந்துபோயிற்று. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடும் இழுப்புப் பீரங்கியோடும் ஓடி வந்திராவிட்டால் அன்றைய கதை வேறு. வந்தான், நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று குவித்தான். மக்கான் சந்திப்பில் நிற்கும் ஸ்தூபியைக் கடந்து தினமும் ஷிப்டுக்குப் போகிறோம். அது அவர்களுக்காக நிற்பது.

கவனியுங்கள்: அன்று வெள்ளையன் கையிலும் கறுப்பன் கையிலும் இருந்தது ஒரே விதமான மஸ்கட். அவனுக்கு ஒரு குண்டு என்றால் இவனுக்கும் ஒரு குண்டு. இந்தச் சமத்துவம் ஆபத்தானது என்பதை எஜமானர்கள் வேலூரில் முகர்ந்து பார்த்தார்கள்; 1857-ல் நன்றாகவே உணர்ந்தார்கள். அடுத்து அவர்கள் செய்ததைப் படித்தால் ஆளும் வர்க்கம் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடும் என்பது விளங்கும். 1859-ல் பீல் கமிஷன் அறிக்கை கொடுத்தது: இத்தனை சிப்பாய்க்கு இத்தனை வெள்ளையன் இருந்தே தீர வேண்டும், பீரங்கி வெள்ளையன் கையில். துப்பாக்கிக் குழலுக்குள் குண்டைச் சுழற்றி விடுகிற வரிக்கோடுகள் இருந்தால் அது தூரமும் குறியும் தரும். இந்தியப் பட்டாளத்துக்கென்று அந்த வரிகள் இல்லாமல் வழவழவென்று கடைந்த என்ஃபீல்டு மஸ்கட்டைச் செய்து கொடுத்தார்கள். பார்வைக்கு அதே துப்பாக்கி; குறி மட்டும் பாழ். பிறகு வெள்ளைப் பட்டாளம் மார்ட்டினி துப்பாக்கிக்கு மாறியபோது, இந்தியனுக்கு அவர்கள் கழித்துப்போட்ட ஸ்னைடர். வெள்ளையன் மாகஸின் துப்பாக்கிக்கு மாறியபோது, இந்தியனுக்கு ஒரே குண்டு மார்ட்டினி. எப்போதும் ஒரு படி கீழே!

ஊர் ஜனங்களுக்கு 1878 ஆயுதச் சட்டம் வந்தது. லிட்டன் வைஸ்ராயாக இருந்த காலம். தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிரைக் குடித்த சமயம். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைக்கக் கூடாது, வெள்ளையனுக்கு விலக்கு. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்று ஒரு வரி சேர்ந்ததற்கு இந்த அவமானம்தான் காரணம்.

ஆனால் நாம் தலைப்பில் சொன்ன துப்பாக்கி இவை எதுவும் அல்ல. அது 410 மஸ்கட். முதல் மகாயுத்தத்துக்குப் பின் வங்காளத்தில் இஷாப்பூர் பாக்டரியில் 303 துப்பாக்கிகளை எடுத்து, குழலைக் கடைந்து வரிகளை அழித்து, போலீஸ்காரருக்கும் ஜெயில் வார்டருக்கும் என்று மாற்றினார்கள். அதன் தோட்டா 303 தோட்டாவின் பித்தளைக் கூட்டையே கழுத்தில்லாமல் விரித்துச் செய்தது. அது 303 துப்பாக்கியில் நுழையாது. பத்துத் தோட்டாப் பெட்டி இருந்த குழியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்துவிட்டார்கள்! ஒரு குண்டு போடு, சுடு. மறுபடி ஒரு குண்டு போடு, சுடு. கலவரத்தில் துப்பாக்கி ஜனங்கள் கையில் போய்விட்டால்? போலீஸ்காரனே ஒரு நாள் திரும்பி நின்றுவிட்டால்? அதற்குத்தான் அந்தக் கட்டை. தான் சம்பளம் கொடுத்து, தொப்பி போட்டு, லத்தி கொடுத்து நிறுத்திய ஆளையே ஏகாதிபத்தியம் எவ்வளவு நம்பியது என்பதற்கு அந்தக் கைப்பிடி அளவு மரத்தைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

வெள்ளையன் போனான். கட்டை போயிற்றா?

1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962 அக்டோபர் 1 முதல் அமல். நிறத்தைப் பார்த்து விலக்கு கொடுக்கும் கேவலம் போயிற்று. அந்த அளவுக்கு வரவேற்கிறோம். சட்டம் சில ஆயுதங்களை ஒதுக்கி வைத்தது. விசையை அழுத்திப் பிடித்தால் விரலை எடுக்கும் வரை, அல்லது மாகஸின் காலியாகும் வரை சுட்டுக்கொண்டே போகும் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம். இது அவசியமான தடை. இதோடு ‘தடை செய்யப்பட்ட போர்’ என்ற ஒன்று உண்டு. பயப்பட வேண்டாம், இது யுத்தம் அல்ல. குழல் துவாரத்தின் அளவுக்கு ஆபீஸ் பாஷையில் போர் என்று பெயர். விதிகளின் அட்டவணையில், பட்டாளத்தின் 303 தோட்டாவையோ 7.62 தோட்டாவையோ போட்டுச் சுடக்கூடிய எந்தத் துப்பாக்கியும் சாதாரணப் பிரஜைக்குக் கிடையாது. கட்டை அடைத்த அந்த 410 மஸ்கட்டும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக இந்தியச் சட்டத்தின் முதல் கேள்வி ‘உன் பெட்டியில் எத்தனை?’ என்பதல்ல. ‘உன் துப்பாக்கி சர்க்கார் தோட்டாவைத் தின்னுமா?’ என்பதே. இஷாப்பூரிலேயே செய்து தனியாருக்கு விற்கும் 315 துப்பாக்கி இந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது: பட்டாளத் தோட்டா அதில் சேராது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தோட்டா வெளியே போனாலும் ஜமீன் வீட்டுத் துப்பாக்கியில் நுழையாது என்பது ஏற்பாடு. கெட்ட ஏற்பாடு என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் யாருக்கு எது என்று பாருங்கள். பயிரைக் காக்க வேண்டும் என்று கேட்கிற விவசாயிக்குச் சட்டம் பெயர் சொல்லிக் கொடுப்பது குழல் வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கி. அதாவது 1806-ல் கோட்டையில் இருந்த அதே ரகம், ஒரு குண்டு. அது போதாது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் வரியில்லாத தோட்டாத் துப்பாக்கி. ‘உயிருக்கு ஆபத்து’ என்று மனுப்போடும் பெரிய மனிதருக்கோ ஆறு குண்டு ரிவால்வரும் மாகஸின் துப்பாக்கியும். அவருக்கு ஆபத்து யாரால்? கூலி கேட்கிறவனால்!

இதை வாய்ச்சவடாலாகச் சொல்லவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழத் தஞ்சையில் கீழவெண்மணிச் சேரிக்குள் மிராசுதார்களின் ஆட்கள் புகுந்தபோது அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. நெல் அறுவடைக்குக் கூடுதல் கூலி கேட்டவர்களிடம் இருந்தது அரிவாளும் கல்லும். துப்பாக்கிக்கு அஞ்சித்தான் பெண்களும் குழந்தைகளும் வயோதிகர்களும் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். அந்தக் குடிசைக்குத்தான் தீ வைத்தார்கள். 44 பேர். செஷன்ஸ் கோர்ட் மிராசுதாருக்குத் தண்டனை கொடுத்தது. ஐகோர்ட் விடுதலை செய்தது. பீகாரில் 1997 டிசம்பர் 1 இரவு லட்சுமண்பூர் பாத்தேயில் நிலவுடைமையாளர்களின் ரண்வீர் சேனை 58 தலித் மக்களைச் சுட்டுத் தள்ளியது. கீழ்க்கோர்ட் தண்டித்த 26 பேரையும் 2013-ல் பாட்னா ஐகோர்ட் விடுவித்தது. ஆயுதம் உள்ளவன் பக்கம் சாட்சியும் சாய்கிறது போலும்.

2019 டிசம்பரில் மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. ஒரு லைசென்ஸ்காரர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில் என்றும் வந்தது. நல்லதுதான். அதே திருத்தத்தில் தடை செய்யப்பட்ட ஆயுதத்தைச் செய்தால் ஆயுள் தண்டனை வரை என்றார்கள். உதிரி பாகங்களும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. ஜவ்வாது மலையில், காட்டுப்பன்றி கிழங்குக் கொல்லையை உழுதுவிட்டுப் போகிறதே என்று பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கியைப் பரண் மேல் வைத்திருக்கும் மலைவாசிக்கு லைசென்ஸ் ஆபீசுக்கு வழி தெரியாது. போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி நன்றாகத் தெரியும், அவனை இழுத்துக்கொண்டு போவதால். குடகு நாட்டிலோ குடகருக்கும் ஜம்மா நிலக்காரருக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸே தேவையில்லை என்று வெள்ளையன் கொடுத்த விலக்கை 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். குடகர் மீது நமக்கு வருத்தம் ஏதுமில்லை. பன்றி குடகிலும் பன்றிதான், ஜவ்வாதிலும் பன்றிதான் என்று மட்டும் சொல்கிறோம்.

வெளி நாடுகளில் இந்தப் பெட்டி விவகாரத்தில் சட்டம் எப்படி ஏமாந்தது என்பதையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனடாவில் 1989-ல் மாண்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன் பின் வந்த சட்டம், தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் நீளத் துப்பாக்கியின் பெட்டியில் ஐந்து, கைத்துப்பாக்கியின் பெட்டியில் பத்து என்று வரம்பு வைத்தது. கம்பெனிகள் என்ன செய்தன? முப்பது தோட்டாப் பெட்டியையே விற்றன. உள்ளே ஆறாவது தோட்டா நுழையாதபடி ஒரு ரிவெட் அடித்தன. ரிவெட் அடிப்பதும் பிடுங்குவதும் எவ்வளவு நேர வேலை என்று ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்துக்கும் முப்பதுக்கும் நடுவே நின்றது அந்த ஒரு ரிவெட்! அதோடு இன்னொரு ஓட்டை. பெட்டி எந்தத் துப்பாக்கிக்கு என்று செய்யப்பட்டதோ அதை வைத்துத்தான் வரம்பு. எதில் மாட்டுகிறாய் என்பதை வைத்து அல்ல. ஆகவே கைத்துப்பாக்கிக்கு என்று செய்த பத்துத் தோட்டாப் பெட்டியை நீளத் துப்பாக்கியில் மாட்டினால் சட்டப்படி சரி. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 22 பேர் கொலையுண்டார்கள். மே 1 அன்று சுமார் 1500 ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. பெட்டியை வரம்புக்கு மேல் மாற்றுவதைத் தனிக் குற்றமாக்கிய சட்டம் 2023-ல்தான் நிறைவேறியது.

நியூஸிலாந்துக் கதை இதைவிட வேதனை. சாதாரண லைசென்ஸில் ஏழு தோட்டாவுக்கு மேற்படாத பெட்டியோடு தானியங்கி ஏற்றுத் துப்பாக்கி வாங்கலாம். பெரிய பெட்டி மாட்டினால் அது ராணுவ ரகம், தனி அனுமதி வேண்டும். சரி, பெரிய பெட்டியை வாங்க? லைசென்ஸே வேண்டாம்! கடையில் காசு கொடுத்தால் போதும். துப்பாக்கி ஒரு கையில் நியாயம், பெட்டி இன்னொரு கையில் நியாயம். இரண்டையும் சேர்த்து ‘டக்’ என்று மாட்டினால்தான் குற்றம். 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு நின்ற 51 பேரை ஒரு நிறவெறியன் கொன்றது இந்த ஓட்டை வழியாகத்தான். அடுத்த மாதமே பார்லிமெண்ட் சட்டம் போட்டுப் பெரும்பாலான தானியங்கி ஏற்றுத் துப்பாக்கிகளையும் பெரிய பெட்டிகளையும் தடை செய்து, பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. மனமிருந்தால் ஒரு மாதம் போதும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அமெரிக்கா? அங்கே 1994-ல் பத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைச் செய்து விற்க மத்தியச் சட்டம் தடை போட்டது. ஆனால் அதற்கு முன் செய்தவற்றுக்குத் தடை இல்லை. கம்பெனிக் கிடங்கில் இருந்ததெல்லாம் சட்டப்படி செல்லும். பத்து வருஷம் கழித்து 2004-ல் அந்தத் தடையும் காலாவதியாயிற்று, புதுப்பிக்க ஆளில்லை. 2012 டிசம்பர் 14-ல் நியூடவுன் பள்ளிக்கூடத்தில் முப்பது தோட்டாப் பெட்டிகளோடு வந்தவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற பிறகும் அந்தச் சட்டம் திரும்பவில்லை. குழந்தையின் சாவைவிட ஆயுத வியாபாரியின் லாபம் கனமானது என்று தராசு பிடித்துக் காட்டிய நாடு அது.

இத்தனையும் தனியார் துப்பாக்கி. சர்க்கார் துப்பாக்கிக்கு வரம்பு வைத்தது யார்? பிரஜையின் பெட்டியில் எத்தனை என்று எண்ணும் சட்டம், ஜனங்களின் ஊர்வலத்தை எதிர்கொள்ளும் போலீஸின் பெட்டியை எண்ணுகிறதா? கட்டை அடைத்த 410 போய்விட்டது, எஸ்.எல்.ஆரும் இன்ஸாஸும் கலாஷ்னிகோவும் போலீஸ் கைக்கு வந்திருக்கின்றன. எல்லையில் நிற்பவனுக்கு அது வேண்டும். காற்றைக் கெடுக்காதே, தண்ணீரைக் கெடுக்காதே என்று கேட்கிற தாய்மார்களுக்கு எதிரே எதற்கு? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று நூறாவது நாள் போராட்டத்துக்கு வந்தவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 13 பேர் மாண்டார்கள். அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களிலிருந்து 17 ரவுண்டு சுட்டதாக அது சொன்னது. எஸ்.எல்.ஆர். பெட்டியில் 20 என்று மேலே எழுதினோமே, நினைவிருக்கிறதா? பாலாற்றுத் தண்ணீரை ஆலைக் கழிவு கெடுத்த கதையைச் சொந்த நாக்கில் ருசித்த ஆம்பூர், வாணியம்பாடி ஜனங்களுக்கு, தூத்துக்குடி ஜனங்கள் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் துப்பாக்கிகளைச் செய்கிற கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் பூட்ஸ் மேல்தோலுக்கு மதராஸ் மாகாணத்தில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாய்ப் போயிற்று; பதனிட்டவன் வெறுங்காலோடு நின்றான். திருச்சியில் 1966-ல் ஏற்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இன்ஸாஸைச் செய்தது. கலாஷ்னிகோவ் சாயலில் திருச்சித் துப்பாக்கி என்று பெயர் பெற்ற ஒன்றையும் செய்தது. 2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். தொழிலாளர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரியும். ஆகவே அதற்கு முன்பே, ஜூன் 30 அன்று, பாதுகாப்புத் துறை உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய அவசரச் சட்டம். ஆகஸ்டில் அதையே சட்டமாக்கினார்கள். துப்பாக்கிக்குள் கட்டை வைத்து அடைத்த மூளையும், தொழிலாளியின் வாயில் கட்டை வைத்து அடைக்கிற மூளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவைதாம். கம்பெனி என்றால் லாபம். லாபம் என்றால் விற்பனை. யாருக்கு விற்பது என்ற கேள்வி நாளைக்கு வரும். துப்பாக்கியை வியாபாரச் சரக்காக்கிய நாட்டில் முப்பது தோட்டாப் பெட்டி கடை அலமாரிக்கு வந்ததை மேலே பார்த்தோம்.

எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்பது நம் கோரிக்கை அல்ல. அப்படிக் கொடுத்தால் முதலில் வாங்குகிறவன் வட்டிக்கடைக்காரன். உள்ள சட்டம் ஒரே கண்ணால் பார்க்கட்டும் என்கிறோம். ஒவ்வொரு தாலுகாவிலும் யாருக்கு, என்ன காரணத்துக்காக, எந்த ரகத்துக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது என்பதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். கூலித் தகராறிலோ சாதித் தகராறிலோ எதிரியாகச் சேர்க்கப்பட்டவரின் துப்பாக்கி அன்றே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எலக்‌ஷன் வந்தால் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைக்கிறார்களே, அறுவடைக் கூலிப் பேச்சு நடக்கும் காலத்தில் ஏன் முடியாது? வெளிநாடுகள் ரத்தம் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்: மாகஸினை உதிரி பாகம் என்று பொதுவில் விட்டுவிடாமல், எத்தனை தோட்டா, எந்தெந்தத் துப்பாக்கியில் மாட்டும் என்ற இரண்டையும் லைசென்ஸ் புத்தகத்திலேயே எழுதுங்கள். தொழிலாளர், விவசாயிகள் கூடும் இடத்துக்கு மாகஸின் துப்பாக்கியோடு போலீஸ் வரக் கூடாது என்று மாநில சர்க்கார் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். தூத்துக்குடி அறிக்கை சொன்ன அதிகாரிகள் மீது என்ன நடவடிக்கை என்பதைச் சட்டசபையில் பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்.

காப்புக் காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் மாநில சர்க்கார் அறிவித்தது. ஜவ்வாது அடிவாரத்திலும் பேரணாம்பட்டுக் காட்டோரத்திலும் உள்ள கொல்லைகளில் பெரும்பாலானவை அந்த 3 கிலோ மீட்டருக்கு உள்ளேயே கிடக்கின்றன. உள்ளே இருப்பவனுக்குத் துப்பாக்கி வேண்டாம். பன்றி உழுத நிலக்கடலைக்கும் மரவள்ளிக்கும் நஷ்ட ஈட்டை அதே பருவத்துக்குள் கையில் கொடுங்கள், பரண் மேல் இருக்கும் நாட்டுத் துப்பாக்கியை வழக்கில்லாமல் ஒப்படைக்க ஒரு தவணை கொடுங்கள். கலெக்டர்கள் இதற்கான உத்தரவைச் சித்திரைக்கு முன் பிறப்பிக்க வேண்டும்.